அநாதைப் பிள்ளைகளுக்குத் தோட்டம் பழக்குதல்: பிஞ்சாராப் பண்ணைப் பள்ளிக்கூடத்தின் கதை

சிறுவர் இல்லம் ஒன்றின்ர ஆண்டறிக்கையையோ, உதவி கேட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற துண்டுப்பிரசுரத்தையோ எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். கத்தரிப் பாத்திக்கு நடுவில பிள்ளைகள் வாளியோட நிற்பார்கள். கீழே ‘தொழிற்பயிற்சி’ என்று எழுதியிருக்கும். அந்தப் படம் எல்லாருக்கும் பிடிக்கும். மண்ணோட பழகிறது நல்லது, சமையலுக்கு மரக்கறியும் ஆச்சு, நாளைக்குக் கைக்கொரு தொழிலும் ஆச்சு. இதில என்ன பிழை என்று கேட்டால், தோட்டம் செய்வதில் ஒரு பிழையும் இல்லை. எங்கட சனம் செம்மண்ணைக் கொத்தி, வெங்காயமும் மிளகாயும் வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தது.

ஆனால் தாய் தகப்பனில்லாத பிள்ளைக்குத் தோட்டம் பழக்க வேண்டும் என்ற யோசனைக்கு இருநூற்றைம்பது வருசத்து வரலாறு இருக்கு. அதில் நல்ல மனம் கொண்டவர்கள் கனக்கப் பேர் வருகிறார்கள். நல்ல மனத்தோட தொடங்கியது எங்கே போய் முடிந்தது என்பதையும் அந்த வரலாறு சொல்கிறது. அதில் ஒரு கதையை, மேற்கு அவுஸ்திரேலியாவின் பிஞ்சாரா என்ற ஊரில் நடந்ததை, இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க விரும்புகிறோம்.

உழைப்பும் படிப்பும் ஒரே இடத்தில்

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போனவர்களுக்குப் பெஸ்டலோசி என்ற பெயர் தெரிந்திருக்கும். சுவிற்சர்லாந்துக்காரர். 1774இல் நொய்ஹோஃப் என்ற தன்னுடைய பண்ணையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்தார். பிள்ளைகள் நூல் நூற்றார்கள், நெய்தார்கள், தோட்டத்தில் வேலை செய்தார்கள். வேலைக்கிடையில் எழுத்தும் கணக்கும் படித்தார்கள். அவர்களுடைய உழைப்பில் வருகிற காசிலேயே அவர்களுடைய சாப்பாடும் உடுப்பும் படிப்பும் நடந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்குச் சரிவரவில்லை. 1780 அளவில் கடன் முற்றி அந்த முயற்சி மூடப்பட்டது.

இந்தத் தோல்வி முக்கியமானது. ஒரு சின்னப் பிள்ளையின் உழைப்பால் அந்தப் பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் சேர்த்துத் தாங்க ஏலாது. தாங்க வைக்க வேண்டுமென்றால் எங்கேயாவது குறைக்க வேண்டும். பெஸ்டலோசி பிள்ளைகளில் குறைக்கவில்லை, தான் கடனாளியானார். பின்னால் வந்த நிறுவனங்கள் அப்படிச் செய்யவில்லை.

1840இல் பிரான்சில் தூர் நகரத்துக்குப் பக்கத்தில் மெத்ரே என்ற விவசாயக் குடியிருப்பு திறக்கப்பட்டது. நீதிமன்றம் அனுப்பிய பையன்களுக்கான இடம் அது. பூட்டிய சிறைக்குப் பதிலாகத் திறந்த வயல், சிறைக்கூடத்துக்குப் பதிலாகக் ‘குடும்பம்’ என்று பெயரிட்ட வீடுகள், நாள் முழுக்க நேர அட்டவணை. மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளிவந்த தன்னுடைய புத்தகத்தில், நவீன சிறை முறை முழுமை பெற்றதற்கு ஒரு திகதி சொல்லச் சொன்னால் மெத்ரே திறந்த நாளையே சொல்வேன் என்கிற கருத்தில் எழுதுகிறார். மதில் இல்லாத இடத்தில், வேலையையும் நேரத்தையும் வைத்தே பிள்ளையைக் கட்டிப்போடலாம் என்பதை மெத்ரே காட்டியது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, தங்கட நாடுகளிலும் இதைப்போலக் கட்டினார்கள்.

‘வெறும் நிலம்’

கிங்ஸ்லி பெயார்பிரிட்ஜ் 1885இல் தென்னாபிரிக்காவில் பிறந்து, றொடீசியாவில் வளர்ந்தவர். இண்டைக்குச் சிம்பாப்வே என்று சொல்கிற நாடு அது. தகப்பன் நில அளவையாளர். சின்ன வயதில் அந்தப் பெரிய நிலப்பரப்பைப் பார்த்தபோது, இங்கே ஏன் பண்ணைகள் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. பிறகு 1903இல் இங்கிலாந்துக்குப் போனபோது, நகரத்துச் சேரிகளில் நெருக்கியடித்து வாழ்கிற பிள்ளைகளைக் கண்டார். இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: பிரித்தானியாவில் கவனிக்க ஆளில்லாத பிள்ளைகள் அதிகம், குடியேற்ற நாடுகளில் நிலம் அதிகம், விவசாயி குறைவு. இதை அங்கே கொண்டுபோனால் இரண்டு பிரச்சினைக்கும் ஒரே தீர்வு.

றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்டுக்குப் போன அவர், 1909 ஒக்ரோபரில் அங்கே படித்துக்கொண்டிருந்த சக மாணவர்களைக் கூட்டிச் சிறுவர் குடியேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். வயது அப்போது 24. தான் வளர்ந்த றொடீசியாவுக்கே பிள்ளைகளைக் கொண்டுபோக விரும்பினார். அங்கிருந்த ஆட்சி ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கு அவுஸ்திரேலியா ஒத்துக்கொண்டது. 1912இல் மனைவி ரூபியோட பேர்த் நகரத்துக்குத் தெற்கே பிஞ்சாராவில் 160 ஏக்கர் காணியில் போய் இறங்கினார். 1913 ஜனவரியில் முதல் 13 பையன்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவருக்கும் நியாயம் செய்ய வேண்டும். அதற்கு முன்பு, 1869 தொடக்கம், பிரித்தானியத் தொண்டு நிறுவனங்கள் கனடாவுக்குப் பிள்ளைகளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தன. அறுபது வருசத்துக்குள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பிள்ளைகள் போனார்கள். அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக ஒவ்வொரு விவசாயியின் வீட்டில் விட்டார்கள். அந்த வீட்டில் பிள்ளை சாப்பிட்டதா, பள்ளிக்கூடம் போனதா என்று பார்க்க ஆளில்லை. 1924இல் பிரித்தானிய அரசு மார்கிரெட் பொண்ட்ஃபீல்டின் தலைமையில் அனுப்பிய குழு போய்ப் பார்த்த பிறகே, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைத் தனியாக அனுப்புவதைக் கனடா நிற்பாட்டியது. பெயார்பிரிட்ஜ் அப்படிச் சிதற விடுவது சரியில்லை என்றார். பிள்ளைகள் ஒன்றாக வளரட்டும், பள்ளிக்கூடமும் பண்ணையும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றார். அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றமான யோசனைதான்.

ஆனால் அவர் பார்த்த ‘வெறும் நிலம்’ வெறும் நிலமாக இருக்கவில்லை. பிஞ்சாரா பிஞ்சரெப் நூங்கார் மக்களின் மண். 1834 ஒக்ரோபர் 28ஆம் திகதி, ஆளுநர் ஜேம்ஸ் ஸ்டெர்லிங் தலைமையில் போன ஆயுதக்குழு மரே ஆற்றங்கரையில் அந்த மக்களைச் சுற்றிவளைத்துச் சுட்டது. பெண்களும் பிள்ளைகளும் செத்தவர்களில் அடக்கம். எண்பது வருசம் கழித்துப் பாத்தி கட்டிய பையன்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. காணி ஏன் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பாடத்திலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் எப்படிப் போனது

முதலாம் உலகப்போர் முடிந்த பிறகு பள்ளிக்கூடம் பிஞ்சாராவுக்கு வடக்கே பெரிய காணிக்கு மாறியது, சுமார் 3,200 ஏக்கர். 1921இலிருந்து பெண்பிள்ளைகளும் வந்தார்கள். 1922இல் பிரித்தானியா கொண்டுவந்த பேரரசுக் குடியேற்றச் சட்டத்தால் அரசாங்கக் காசும் சேர்ந்தது. பெயார்பிரிட்ஜ் 1924இல் 39 வயதில் இறந்துபோனார். ஆனால் திட்டம் வளர்ந்தது. 1934இல் லண்டனில் நிதி சேர்த்த கூட்டத்தில் வேல்ஸ் இளவரசர், இதைத் தருமமாகப் பார்க்கக்கூடாது, பேரரசுக்கான முதலீடாகப் பார்க்க வேண்டும் என்றார். 1935இல் கனடாவின் வன்கூவர் தீவிலும், 1938இல் நியூ சவுத் வேல்ஸின் மொலோங்கிலும் இதே பெயரில் பண்ணைப் பள்ளிக்கூடங்கள் திறந்தன.

இந்தப் பண்ணைகளின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வீடு, வீட்டுக்கொரு ‘தாய்’. அந்தத் தாய் சம்பளத்துக்கு வந்தவர். பெரும்பாலும் வெறுங்கால். காலையில் பள்ளிக்கூடத்துக்கு முதலே வேலை: விறகு கொத்துதல், மாடு கறத்தல், வீடு கழுவுதல். பின்னேரமும் வேலை. சாப்பாட்டுக்குத் தேவையான கோவா, கரட், உருளைக்கிழங்கு எல்லாம் பண்ணைத் தோட்டத்தில் பிள்ளைகள் நட்டதுதான். பாலும் இறைச்சியும் அப்படித்தான்.

பதினைந்து பதினாறு வயதானதும் பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். அதுக்குப் பிறகு ‘பயிலுநர்’. பையன்கள் முறைவைத்து மரக்கறித் தோட்டம், மாட்டுப்பட்டி, கோழி, இறைச்சி வெட்டுமிடம் என்று முழுநேரமாக வேலை செய்வார்கள். பெண்பிள்ளைகளுக்குக் குசினி, உடுப்புத் தோய்க்கும் இடம், ஊழியர்களின் வீட்டு வேலை. பதினேழு வயதளவில் வெளியே அனுப்புவார்கள். பையன் யாரோ ஒருவருடைய பண்ணையில் கூலி. பெண் யாரோ ஒருவருடைய வீட்டில் வேலைக்காரி. உழைத்த சம்பளத்தின் ஒரு பகுதியை 21 வயது வரைக்கும் நிறுவனமே வைத்திருந்தது.

‘பயிற்சி’ என்ற சொல் இதில் செய்கிற வேலையைக் கவனியுங்கோ. நாற்று நடப் பழக ஒரு பருவம் காணும். களை பிடுங்க ஒரு கிழமை காணும். இரண்டு வருசம் அதே தோட்டத்தைக் கொத்துகிற பிள்ளை புதிதாக எதைப் படிக்கிறது? பண்ணைக்குக் கூலியில்லாத ஆள் தேவை, அந்தத் தேவைக்குப் பயிற்சி என்று பெயர். நொய்ஹோஃபில் சரிவராத கணக்கு பிஞ்சாராவில் இப்படித்தான் சரிவந்தது. குறைத்தது பிள்ளையின் படிப்பில்.

இன்னொன்று: பெயார்பிரிட்ஜின் கனவில் இந்தப் பிள்ளைகள் காணி வைத்திருக்கிற விவசாயிகளாக வரவேண்டும். ஆனால் காணி வாங்கக் காசு வேண்டும், கடன் எடுக்கப் பின்னால் ஒரு குடும்பம் வேண்டும். கையில் மண்வெட்டிப் பழக்கத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் அது இன்னொருத்தன்ர காணியில்தான் போய் நிற்கும்.

அதே பெயர், வேறு பாடம்

இந்தக் கதையில் எங்களை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இனித்தான் வருகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து 1946இல், பெயார்பிரிட்ஜ் முதலில் ஆசைப்பட்ட றொடீசியாவிலேயே, புலவாயோ நகரத்துக்குப் பக்கத்தில் அவருடைய நினைவாக ஒரு நிறுவனம் திறந்தது. அங்கும் பிரித்தானியாவிலிருந்து பிள்ளைகளைத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே அவர்களுக்குப் பண்ணைக்கூலிப் பயிற்சி இல்லை. நல்ல பள்ளிக்கூடம், ஒழுங்கான படிப்பு, நிருவாகத்திலும் அலுவலகங்களிலும் உயர்ந்த இடம் பிடிப்பதற்கான வளர்ப்பு.

ஏன் இந்த வித்தியாசம்? றொடீசியாவில் மண் கொத்துகிறது கறுப்பின மக்களுக்கு ஒதுக்கின வேலை. அங்கே ஒரு வெள்ளைப் பிள்ளை தோட்டக்கூலியாக நின்றால் வெள்ளையர் ஆட்சியின்ர மரியாதை போய்விடும். அதனால் அங்கே போன பிள்ளைக்கு ஆளப் பழக்கினார்கள். பிஞ்சாராவுக்குப் போன பிள்ளைக்குக் கோவா நடப் பழக்கினார்கள். இரண்டு இடத்துக்கும் போனது பிரித்தானியப் பிள்ளைகள். எந்தக் கப்பலில் ஏறியது என்பதுதான் வித்தியாசம். பிள்ளைக்கு எதில் விருப்பம், எதில் கெட்டித்தனம் என்று பார்த்துத் தொழிலைத் தீர்மானித்தோம் என்று அதுக்குப் பிறகு ஆரும் சொல்ல ஏலாது. அந்த நாட்டுக்கு எந்தப் படியில் ஆள் தேவையோ அந்தப் படியில் பிள்ளையை வைத்தார்கள்.

மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள்ளேயே இதன் மறுபக்கமும் இருந்தது. 1918இல் பேர்த்துக்கு வடக்கே மூர் ரிவர் என்ற பூர்வகுடிக் குடியிருப்பை அரசு திறந்தது. தாய்மாரிடமிருந்து பறித்துக் கொண்டுவந்த பூர்வகுடிப் பிள்ளைகள் அங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் பழக்கினது பண்ணை வேலையும் வீட்டு வேலையும்தான். ஒரே மாநிலத்தில், ஒரே காலத்தில், கடல் தாண்டி வந்த வெள்ளைப் பிள்ளைகளை வைத்து ‘வெறும் நிலத்தை’ நிரப்பினார்கள். அந்த நிலத்தின் சொந்தப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து நிலத்தை வெறுமையாக்கினார்கள். 1901ஆம் ஆண்டுக் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் எங்களைப் போன்ற ஆசியர்கள் அந்த நாட்டுக்குள் போகவே ஏலாமல் இருந்த காலமும் அதுதான்.

அவர்கள் அநாதைகள் இல்லை

இந்தப் பிள்ளைகள் எல்லாரையும் ‘அநாதைகள்’ என்றுதான் ஊர் சொன்னது. உண்மையில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோட இருந்தார்கள். வறுமை, பிரிவு, கலியாணம் முடிக்காமல் பிள்ளை பெற்ற தாயின் வெட்கம் போன்ற காரணங்களால் இல்லத்தில் விடப்பட்டவர்கள். அங்கிருந்து கப்பலேற்றியபோது உன்ர தாய் செத்துப்போனா என்று பல பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போக வந்த தாய்மாருக்கு, பிள்ளை நல்ல குடும்பத்தோட இருக்கு என்று சொல்லப்பட்டது.

1980களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரத்தில் சமூகசேவையாளராக இருந்த மார்கிரெட் ஹம்ப்ரிஸ், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கடிதத்தைத் தொடர்ந்து தேடப்போய் இதை வெளியே கொண்டுவந்தார். சின்ன வயதில் தனியாகக் கப்பலில் அனுப்பப்பட்ட அந்தப் பெண் கேட்டது, தான் யார் என்பதை மட்டும்தான். மொலோங் பண்ணையில் வளர்ந்து, பின்னர் அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முகாமைப் பணிப்பாளராக வந்த டேவிட் ஹில், 2007இல் அந்தப் பண்ணையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடி, உதை, பாலியல் வன்முறை என்று அதுவரை பேசப்படாதவை வெளியே வந்தன. 2015இல் மொலோங் பிள்ளைகள் தொடுத்த வழக்கு 24 மில்லியன் டொலர் இழப்பீட்டோட இணக்கத்துக்கு வந்தது. 2009 நவம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010 பெப்ரவரியில் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுனும் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். பிஞ்சாராப் பண்ணை 1981இலேயே மூடப்பட்டுவிட்டது.

அங்கே வளர்ந்த எல்லாரும் ஒரே மாதிரிப் பேசவில்லை. லண்டன் சேரியில் கிடைக்காத பாலும் வெயிலும் கிடைத்தது என்று நன்றியோட நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் கேட்கத்தான் வேண்டும். நல்ல சாப்பாடு கொடுத்தது உண்மை என்பதால், படிப்பை நிற்பாட்டியது சரியாகிவிடாது.

எங்கட பக்கம் திரும்பினால்

கொடுமை நடந்த பண்ணைகளை எங்கட இல்லங்களோட ஒப்பிடுவது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. ஆனால் இரண்டு ஒற்றுமையைப் பார்க்காமல் விட ஏலாது. ஒன்று, அந்த ‘அநாதை’ என்ற சொல். போருக்கும் சுனாமிக்கும் பிறகு வடக்குக் கிழக்கில் எத்தனையோ சிறுவர் இல்லங்கள் வந்தன. அங்கே இருந்த, இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். வறுமைதான் பிள்ளையை இல்லத்துக்குக் கொண்டுவந்தது. இல்லத்துக்குக் கட்டடம் கட்ட வருகிற காசில் ஒரு பங்கு அந்தத் தாய்க்குத் தோட்டம் செய்யக் கிடைத்திருந்தால், பிள்ளை தாயோட நின்றே பாத்தி கட்டப் பழகியிருக்கும்.

மற்றது, தோட்டம் ஆருக்கு என்ற கேள்வி. தோட்டம் பழக்குகிற இல்லங்களிடம் நாங்கள் கேட்க விரும்புவது இவ்வளவுதான். பிள்ளை தோட்டத்தில் நிற்கிற நேரம் படிக்கிற நேரத்திலிருந்து எடுத்ததா, விளையாடுகிற நேரத்திலிருந்து எடுத்ததா? விற்ற மரக்கறியின் காசு பிள்ளையின் பெயரில் வங்கியில் விழுகிறதா? எனக்குத் தோட்டம் பிடிக்கேல்லை, மோட்டார் திருத்தப் பழகப்போறன் என்று சொல்லப் பிள்ளைக்கு இடம் இருக்கா? தாய் தகப்பன் விட்டுப்போன காணியின் உறுதியோ அனுமதிப்பத்திரமோ எங்கே இருக்கு என்று ஆராவது தேடினார்களா? பதினெட்டு வயதில் வாசலைத் தாண்டுகிற பிள்ளைக்கு நாற்று வைக்க ஒரு பரப்புக் காணியாவது இருக்குமா?

தோட்டத்தை உண்மையான கல்வியாகப் பழக்கலாம். மண்ணின் தன்மை, பூச்சி, பசளைக் கணக்கு, சந்தை விலை, தரகர் எப்படி விலையைக் குறைக்கிறார் என்பது எல்லாம் அதில் இருக்கு. சாதாரண தரத்தில் விவசாயம் ஒரு பாடம். உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் இருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில்தான் இருக்கு. இல்லத்தில் கத்தரி நட்ட பிள்ளை அந்தப் பீடத்துக்குப் போகிற பாதையையும் கண்டால் அது பயிற்சி. வேலிக்குள்ளேயே நின்று பானைக்கு மரக்கறி கொண்டுவருவதோட முடிந்தால் அது வேலை.

இல்லம் நடத்துகிறவர்கள், அதுக்குக் காசு அனுப்புகிறவர்கள், புலம்பெயர்ந்த உறவுகள் எல்லாரிடமும் கடைசியாக ஒன்று கேட்கிறோம். இதே பயிற்சியை, இதே மணித்தியாலக் கணக்கில், உங்கட சொந்தப் பிள்ளைக்கும் கொடுப்பீங்களா? ஓம் என்றால் தாராளமாகக் கொடுங்கோ. யோசிக்க வேண்டியிருந்தால், அந்த யோசனையை இல்லத்துப் பிள்ளைக்காகவும் யோசியுங்கோ.